கார் சர்வீஸ் மேனுவலை எப்படிப் படிப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சர்வீஸ் மேனுவலை எழுதியவர்கள் உங்களையும் என்னையும் மனதில் வைத்து எழுதவில்லை. பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவர், லிஃப்டில் ஏற்றிய காருக்குக் கீழே நின்றுகொண்டு ஏதோ ஓர் அளவைச் சரிபார்க்க மட்டும் புரட்டுவார் என்ற நினைப்பில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. இது தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் சீக்கிரமே அலுத்துவிடும், நானும் அப்படித்தான் பல வாரம் திணறினேன். ஆயிரக்கணக்கான பக்கங்கள், திரும்பிய இடமெல்லாம் சுருக்கப் பெயர்கள், ஒரு பக்கத்தைத் திறந்தால் அது இன்னொரு பக்கத்துக்குப் போகச் சொல்லும். வழி பிடிபட்ட பிறகு பார்த்தால், சொந்தக் காரைக் கவனித்துக்கொள்ள நினைப்பவருக்கு அதில் ஒரு சிறு பகுதிதான் வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைப் படித்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம், எதில் எடுக்கவே கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தப் புத்தகம் எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மேனுவல் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் நாலைந்து வகை உண்டு. ஒன்றில் இருப்பதை இன்னொன்றில் தேடித்தான் பாதி நேரம் போகிறது.

காரோடு வரும் ஓனர்ஸ் மேனுவலை யாரும் மதிப்பதில்லை. எந்த ஆயில், எத்தனை லிட்டர், டயரில் எவ்வளவு காற்று, எந்த ஃப்யூஸ் எதற்கு, ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். தொலைந்துபோயிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே தருகின்றன. இதைப் படித்து முடிக்காமல் அடுத்த புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது கார் நிறுவனமே தன் ஒர்க் ஷாப்புகளுக்காக வெளியிடும் சர்வீஸ் மேனுவல். கழற்றுவது, அளப்பது, மாட்டுவது, கோளாறு கண்டுபிடிப்பது எல்லாம் இதில்தான். வயரிங் வரைபடங்களைச் சில நிறுவனங்கள் தனித் தொகுதியாகப் போடுகின்றன, வாங்கும்போது அதுவும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, வெளிப் பதிப்பகங்கள் வீட்டில் வேலை செய்பவர்களுக்காகப் போடும் ரிப்பேர் மேனுவல். படம் நிறைய, மொழி எளிது, புதியவருக்கு இதுதான் தோது. ஆனால் பல வருட மாடல்களையும் இரண்டு மூன்று எஞ்சின்களையும் ஒரே புத்தகத்தில் அடைத்திருப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறப்பது மாதிரியான இடம் வந்தால் நிபுணரிடம் விட்டுவிடுங்கள் என்று ஒரே வரியில் கைகழுவிவிடும்.

இவை போக இரண்டு இருக்கின்றன. பார்ட்ஸ் கேட்டலாக், ஒவ்வொரு வாஷருக்கும் என்ன நம்பர் என்று சொல்வது. டெக்னிக்கல் சர்வீஸ் புல்லட்டின், மேனுவல் அச்சான பிறகு தெரியவந்த கோளாறுகளுக்கும் திருத்தங்களுக்கும் நிறுவனம் விடும் அறிக்கை. மேனுவலில் போட்ட அளவு ஒன்றைப் புல்லட்டின் மாற்றியிருந்தால் புல்லட்டின் சொல்வதுதான் செல்லும்.

என் கணக்குப்படி முதல் வருடத்துக்கு ஓனர்ஸ் மேனுவலும் வெளிப் பதிப்பகப் புத்தகம் ஒன்றும் போதும். நிறுவன மேனுவலை ஒரு குறிப்பிட்ட வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

2. உங்கள் கார் எது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

சிரிக்காதீர்கள், தவறு அதிகம் நடப்பது இங்கேதான். மாடல் பெயரும் வருடமும் போதாது. ஒரே பெயரில் ஒரு நாட்டில் ஒரு எஞ்சினும் இன்னொரு நாட்டில் வேறு எஞ்சினும் வைத்து விற்பார்கள். வருடத்தின் நடுவில் பிரேக் காலிப்பரை மாற்றியிருப்பார்கள், மேனுவலில் "இந்த சேசிஸ் நம்பருக்குப் பிறகு" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் இருக்கும்.

அதனால் ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: சேசிஸ் நம்பர், எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ் வகை, தயாரித்த மாதமும் வருடமும். பதிவுச் சான்றிதழிலும், கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும், பல கார்களில் முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும், பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலும் இவை கிடைக்கும். இன்றைய கார்களின் சேசிஸ் நம்பரில் 17 எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றையும் அதில் பயன்படுத்துவதில்லை, ஆகவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம், ஒற்றைக் கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. பார்ட்ஸ் கடையில் இந்த நம்பரைச் சொல்லிக் கேட்பதற்கும் வாய்மொழியாக மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம், பொருந்தாத பாகத்தைத் திருப்பிக் கொடுக்க அலையும்போதுதான் தெரியும்.

3. மேனுவலை வாங்கும் வழிகள், செலவு

நிறுவனங்கள் பலவும் இப்போது அச்சுப் புத்தகம் போடுவதில்லை. அதற்கென்று இருக்கும் இணையதளத்தில் ஒரு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று சந்தா கட்டிப் பார்க்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்குக் குறைந்த நாள் சந்தாவே போதும், ஆனால் கட்டுவதற்கு முன்பே என்னென்ன பக்கங்கள் வேண்டும் என்று பட்டியல் போட்டுவிடுங்கள். பராமரிப்பு அட்டவணை, திரவங்களின் வகையும் கொள்ளளவும், டார்க் (ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) அட்டவணை, பிரேக், கூலிங் சிஸ்டம், ஃப்யூஸ் பெட்டி, நீங்கள் செய்யப்போகும் வேலை. சந்தா ஓடும் நேரத்தில் உட்கார்ந்து படிக்காதீர்கள். அனுமதி இருக்கிற பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு பிறகு படியுங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்பதையும் கட்டும்போதே பாருங்கள், பணம் கழிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பழைய கார் என்றால் பழைய புத்தகக் கடைகளில் அச்சுப் பிரதி கிடைக்கலாம், விலையும் குறைவாக இருக்கும். வாங்கும் முன் உங்கள் எஞ்சின் குறியீடு அட்டையிலோ முன்பக்கங்களிலோ இருக்கிறதா, வயரிங் பக்கங்கள் கிழிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கிரீஸ் கறை படிந்திருந்தால் விட்டுவிடாதீர்கள், எந்தப் பக்கத்தில் கறை அதிகமோ அந்த வேலை அந்தக் காரில் அடிக்கடி வரும் என்று அர்த்தம்.

இணையத்தில் சும்மா கிடைக்கும் ஸ்கேன் பிரதிகளை நம்பி இறங்க வேண்டாம். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபக்கம், அதைவிட வேறு நாட்டுக்கான பிரதியாக இருக்கும், நடுவில் பக்கம் விடுபட்டிருக்கும், மங்கலான ஸ்கேனில் 3 எது 8 எது என்று தெரியாது. டார்க் எண்ணில் அந்தக் குழப்பம் வந்தால் போல்ட் போச்சு.

4. முதலில் படிக்க வேண்டிய பகுதிகள்

எஞ்சின் அத்தியாயத்துக்குத் தாவ வேண்டாம். ஆரம்பத்தில் "பொதுத் தகவல்" என்று ஒரு பகுதி இருக்கும், சலிப்பாக இருந்தாலும் அதைப் படியுங்கள். சுருக்கப் பெயர்களுக்கு விளக்கம் அங்கேதான் இருக்கும். இடது வலது என்று மேனுவல் சொன்னால் ஓட்டுநர் சீட்டில் முன்னோக்கி உட்கார்ந்த நிலையிலிருந்து என்று பொருள். பானட்டைத் திறந்து எதிரே நின்று பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். எஞ்சினின் முன்பக்கம் என்றால் பெல்ட் ஓடும் பக்கம். எஞ்சினைக் குறுக்காக வைத்த கார்களில், அதாவது முன்சக்கர இழுவை உள்ள பெரும்பாலான கார்களில், அது காரின் முன்பக்கமாக இருக்காது, பக்கவாட்டில் இருக்கும். இந்த இரண்டு விஷயம் தெரிந்தாலே படங்கள் பாதி புரிந்துவிடும்.

எச்சரிக்கைகளிலும் தரம் உண்டு. ஒரு வகை உங்கள் உடம்புக்கு ஆபத்து வரும் என்பதற்கு, இன்னொரு வகை காருக்குச் சேதம் வரும் என்பதற்கு, மூன்றாவது வெறும் குறிப்பு. எந்தக் குறி எதற்கு என்று பொதுத் தகவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பராமரிப்பு அட்டவணை. இதில் இரண்டு வகை போட்டிருப்பார்கள்: சாதாரண ஓட்டம், கடுமையான ஓட்டம். கடுமையான ஓட்டம் என்றதும் மலையேறுவதும் பாலைவனத்தில் ஓட்டுவதும் நினைவுக்கு வரும். அடைப்புக்குள் படித்துப் பாருங்கள்: குறைந்த தூரப் பயணங்கள், நெரிசலில் நின்று நின்று போவது, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி வைப்பது, தூசி, கடும் வெயில் அல்லது குளிர், பாரம் இழுப்பது. நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுவார்கள். தினம் மூன்று கிலோமீட்டர் போய்வரும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடாவதே இல்லை, ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும், "கம்மியாத்தானே ஓட்டுறேன்" என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவது அதனால்தான் தப்புக் கணக்கு. கிலோமீட்டர், மாதம் இரண்டையும் போட்டிருந்தால் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு.

அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒற்றை எழுத்து இருக்கும். ஒன்று "சோதிக்கவும்", மற்றொன்று "மாற்றவும்". இந்த ஒற்றை எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் மேனுவலுக்குக் கொடுத்த காசு திரும்பி வந்த மாதிரி, ஏனென்றால் சோதிக்க வேண்டிய இடத்தில் மாற்றியதாகப் பில் வருவது சர்வ சாதாரணம். அதே மாதிரி, மாற்ற வேண்டியதை "நல்லாத்தான் சார் இருக்கு" என்று விட்டுவிடுவதும் நடக்கும். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் பிசகாமல் இயக்கும் பெல்ட்) உள்ள எஞ்சின் என்றால் அதன் கெடுவைத் தனியாகக் குறித்து வையுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் எஞ்சின்கள் நிறைய இருக்கின்றன, வெளியே பார்க்க நன்றாக இருக்கும் பெல்ட்டும் அறுந்துபோகும். செகண்ட் ஹேண்ட் காரில் பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அளவு அட்டவணை. அதில் "நிலையான அளவு", "எல்லை அளவு" என்று இரண்டு பத்தி. புது பிரேக் பேடின் தடிமன் முதலாவது, அதற்குக் கீழே போனால் ஓட்டவே கூடாது என்பது இரண்டாவது. எல்லை வரும்வரை விட்டுவைக்கலாம் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளாதீர்கள். சக்கரத்தை அடுத்த முறை கழற்றப்போவது எப்போது, அதற்குள் எவ்வளவு தேயும் என்று கணக்குப் போட்டு இப்போதே முடிவெடுக்க வேண்டும்.

5. திரவங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்

எஞ்சின் ஆயிலில் 5டபிள்யூ-30 மாதிரியான எண் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும். அதோடு தரக் குறியீடு ஒன்றும் இருக்கும், சில நிறுவனங்கள் தங்கள் சொந்த அனுமதி எண்ணையும் கேட்கும். இரண்டும் டப்பாவின் பின்பக்கம் இருக்கிறதா பாருங்கள். முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம்.

கூலண்ட்டை நிறம் பார்த்து ஊற்றாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் அவரவர் கலந்த சாயம், அதற்குப் பொது விதி எதுவும் கிடையாது. மேனுவல் கேட்கும் வகை டப்பாவில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அடர் கூலண்ட்டா, தண்ணீர் கலந்தே வருவதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிரேக் ஃப்ளூயிடில் டாட் 3, டாட் 4 இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லிப் பல மேனுவல்கள் போட்டிருப்பது இதனால்தான். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, டாட் 5.1 அப்படியில்லை, பெயரைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். டாட் 3, டாட் 4 கேட்கும் காரில் டாட் 5 கலக்கவே கூடாது. திறந்து பாதி மீந்த டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைப்பதும் வேண்டாம்.

6. ஒரே ஒரு வேலையை எடுத்து வரி வரியாகப் படியுங்கள்

பழக ஆயில் மாற்றும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேனுவலில் இது பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கவும், டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடிக்கவும், புதிய வாஷர் போட்டு இந்த டார்க்கில் இறுக்கவும், ஃபில்டரைக் கழற்றவும், ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துடைக்கவும், புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவவும், வளையம் தொடும்வரை கையால் திருகி அப்புறம் முக்கால் சுற்று இறுக்கவும், ஆயில் ஊற்றவும், எஞ்சினை ஓட்டிக் கசிவு பார்க்கவும்.

ஒவ்வொரு வரியிலும் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. புதிய வாஷர் என்று ஏன் போட்டிருக்கிறது? பழையது ஏற்கெனவே நசுங்கி வடிவம் மாறியிருக்கும், திரும்பப் போட்டால் கசியும், கசிவை நிறுத்த நீங்கள் இன்னும் இறுக்குவீர்கள், எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியான சம்பின் மரை உரிந்துவிடும். இடத்தைத் துடைக்கவும் என்ற வரி அழுக்குக்காக மட்டும் இல்லை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது உண்டு, அதைப் பார்க்காமல் புதியதை மாட்டினால் இரண்டு வளையம் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்து, எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தில் பிதுங்கி, ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். விரலால் தடவிப் பாருங்கள். முக்கால் சுற்று என்ற அளவும் ஃபில்டருக்கு ஃபில்டர் மாறும், சில ஃபில்டர்களில் அதன் உடம்பிலேயே அச்சடித்திருப்பார்கள். மேனுவலில் இல்லவே இல்லாத வரி ஒன்றும் உண்டு: வடிப்பதற்கு முன்பே மேலே ஊற்றும் மூடி சுலபமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்த பிறகு திறக்கவில்லை என்றால் நிலைமை தர்மசங்கடம்தான்.

கொள்ளளவில் மூன்று எண் இருக்கும். ஃபில்டரோடு மாற்றினால் ஒன்று, ஃபில்டர் மாற்றாவிட்டால் கொஞ்சம் குறைவு, எஞ்சினைப் பிரித்துக் காய்ந்த நிலையில் நிரப்பினால் எல்லாவற்றையும்விட அதிகம். கடைசி எண்ணைப் பார்த்து ஊற்றினால் ஆயில் அதிகமாகிவிடும், அதுவும் எஞ்சினுக்குக் கெடுதல்தான். சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் விட்டு, சமதரையில் டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேர்ப்பதுதான் பத்திரம்.

இந்த ஒரு பக்கத்தை இப்படிப் படித்துவிட்டால் மற்றப் பக்கங்களின் சுபாவமும் பிடிபடும். குறிப்பாக "கழற்றிய வரிசைக்கு நேரெதிராக மாட்டவும்" என்ற வரி. மேனுவல்களிலேயே அதிகம் ஏமாற்றும் வரி என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். அதற்குக் கீழே நான்கைந்து விதிவிலக்குகள் தொங்கிக்கொண்டிருக்கும்: இந்த போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, இந்த இடத்தில் மட்டும் கிரீஸ், அம்புக்குறி முன்னோக்கி இருக்க வேண்டும். அதனால் எந்த வேலையாக இருந்தாலும் மாட்டும் பகுதியை முதலில் படியுங்கள், கழற்றும் பகுதியை அப்புறம் படிக்கலாம். புதிதாக வாங்க வேண்டிய கேஸ்கெட், கிளிப், போல்ட் எல்லாம் மாட்டும் பகுதியில்தான் ஒளிந்திருக்கும். பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தில் சில பாகங்களின் பக்கத்தில் கரும்புள்ளியோ நட்சத்திரமோ இருந்தால், பெரும்பாலும் அது மறுபடி பயன்படுத்தக் கூடாத பாகம்.

7. டார்க் எண்கள்

ஒரே எண்ணை மேனுவல் மூன்று அலகில் போடும்: நியூட்டன் மீட்டர், கிலோகிராம் மீட்டர், அடி-பவுண்டு. ஒரு கிலோகிராம் மீட்டர் ஏறக்குறைய 9.8 நியூட்டன் மீட்டர், ஒரு அடி-பவுண்டு ஏறக்குறைய 1.36 நியூட்டன் மீட்டர். 25 நியூட்டன் மீட்டர் என்றிருப்பதை 25 அடி-பவுண்டில் இறுக்கினால் 34 ஆகிவிடும். இதைவிட மோசம் அங்குல-பவுண்டு, அது அடி-பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சின்ன போல்ட்டுகளுக்கு அந்த அலகில் 100 என்று போட்டிருப்பதை அடி-பவுண்டு என்று படித்தால் போல்ட் தலை கையோடு வந்துவிடும்.

டார்க் ரென்ச் வாங்கும்போது பெரியதாக ஒன்று வாங்கி எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றும். அதன் அளவுகோலின் அடிப்பகுதியில் துல்லியம் குறைவு, ஆகவே சக்கர நட்டுக்கு வாங்கியதை வைத்து 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை இறுக்கக் கூடாது. முதலில் நடுத்தர அளவு ஒன்று, சின்னது அப்புறம். இதை வைத்து எதையும் கழற்றாதீர்கள், வேலை முடிந்ததும் கிளிக் வகை ரென்ச்சைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். மேனுவல் ஆயில் தடவச் சொல்லாத மரையில் ஆயில் தடவினால் அதே எண்ணில் போல்ட் அதிகமாக இழுபடும். "இவ்வளவு இறுக்கி, அப்புறம் 90 டிகிரி திருப்பவும்" என்றிருந்தால் பெரும்பாலும் அது ஒருமுறை மட்டும் பயன்படும் போல்ட், புதியது வாங்க வேண்டுமா என்று அந்தப் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள்.

8. கருவிகள், நேரம், பாதுகாப்பு

மேனுவல் சில இடங்களில் சிறப்புக் கருவி என்று ஒரு நம்பரைக் கொடுக்கும். சிலவற்றுக்குச் சாதாரணக் கருவியே போதும், சிலவற்றுக்கு அது இல்லாமல் முடியவே முடியாது. கடைசிப் பத்திவரை படித்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஒரே வேலைக்கு மட்டும் வேண்டிய விலையுயர்ந்த கருவி என்றால், கருவியின் விலையையும் மெக்கானிக் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பல நேரம் கூலி கொடுப்பதே லாபம்.

நிறுவனம் போடும் வேலை நேரம், லிஃப்டும் எல்லாக் கருவியும் உள்ள பழகிய கைக்கு. முதல் முறை மூன்று மடங்கு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தொடங்குங்கள், பார்ட்ஸ் கடை திறந்திருக்கும் நாளில் தொடங்குங்கள், மறுநாள் அந்தக் கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போகக் கூடாது. சமதரை, சக்கரத்துக்குக் கட்டை, மேனுவல் காட்டும் இடத்தில் ஸ்டாண்ட். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம். ஸ்டீயரிங், டாஷ்போர்டு, சீட்டுக்கு அடியில் வேலை என்றால் ஏர்பேக் பக்கத்தைப் படியுங்கள், பேட்டரியைக் கழற்றிய பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஏர்பேக், ஏசி கேஸ், ஹைப்ரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற உறையில் ஓடும் உயர் மின்னழுத்த வயர்கள், இவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், தொட வேண்டாம்.

9. செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்

எஞ்சின் கணினியில் பதிவான கோளாறைப் படித்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது. செருகினால் ஒரு கோடு, அதாவது கோளாறுக் குறியீடு, வரும். அந்தக் கோடு எந்த பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, எஞ்சின் கணினி எதைக் கண்டு சந்தேகப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. உதாரணத்துக்கு பி0171. எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சரை மாற்றுகிறவர்கள் நிறைய. மேனுவலின் சோதனை வரிசையைத் திறந்தால் காற்றுக் குழாயில் வெடிப்பு, காற்று அளக்கும் சென்சரில் அழுக்கு, பெட்ரோல் அழுத்தம் குறைவு, சைலன்சர் குழாயில் சென்சருக்கு முன்னால் கசிவு என்று பல காரணம் இருக்கும். ஆக்சிஜன் சென்சர் பல நேரம் சேதி சொன்னவர் மட்டும்தான். விரிசல் விட்ட ரப்பர் குழாயின் விலைக்கும் சென்சரின் விலைக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

சோதனை வரிசையில் படி தாண்டாதீர்கள், ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விடையை நம்பி எழுதப்பட்டது. இந்தக் குறியீட்டை அழிப்பதற்கு முன்பும் பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பும் கோடு, அது பதிவானபோது இருந்த வேகம், வெப்பம் போன்ற விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் அந்த விவரமும் போய்விடும்.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் நல்லது. கார் ஓய்வில் இருக்கும்போது முழுதாகச் சார்ஜ் ஏறிய சாதாரண பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை ஏறும். வயரிங் வரைபடம் பயமுறுத்தும், ஆனால் ஒரு ஹெட்லைட் எரியாததற்கு முழு வரைபடமும் வேண்டாம். பேட்டரி, ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், பல்பு, எர்த் என்று அந்த ஒரு பாதையை மட்டும் பென்சிலால் வரைந்துகொண்டு, பாதியில் ஓரிடத்தில் வோல்ட் வருகிறதா என்று அளந்தால் எந்தப் பாதியில் கோளாறு என்று தெரிந்துவிடும். வயர் குறியீட்டில் முதலில் வருவது உடம்பு நிறம், அடுத்து வருவது வயர் மேல் ஓடும் கோட்டின் நிறம். கனெக்டர் படத்தை வயர் பக்கத்திலிருந்து வரைந்திருக்கிறார்களா, முனைப் பக்கத்திலிருந்தா என்று பாருங்கள், இல்லையென்றால் இடம் வலமாகத் தவறான முனையை அளப்பீர்கள். எர்த் புள்ளியில் துரு ஏறியிருப்பது நிறைய மர்மங்களுக்கு விடை.

10. பதிவேடும் மெக்கானிக்கும்

வேலை செய்த தேதி, கிலோமீட்டர், ஊற்றிய திரவத்தின் பெயர், மாற்றிய பாகத்தின் நம்பர் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். வாரண்டியில் உள்ள கார் என்றால் நீங்களே சர்வீஸ் செய்வதற்கு வாரண்டிப் புத்தகத்தில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள், கோரிக்கை வரும் நாளில் பில் இல்லாத ஆயில் மாற்றத்தை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மேனுவல் படித்த ஜோரில் மெக்கானிக்கிடம் பாடம் எடுக்கப் போகாதீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்று, அதாவது உங்கள் காரைப் போல நூறு காரின் சத்தம், அவர் காதில் இருக்கிறது. "அட்டவணையில் இது இப்போ சோதிக்கணும்னுதான் போட்டிருக்கு, பேட் எவ்வளவு மில்லிமீட்டர் இருக்குண்ணே?" என்று கேட்டால் போதும், நல்ல மெக்கானிக் அளந்து காட்டுவார். திரவ வகையும் கொள்ளளவும் ஒரு தாளிலும், அன்றைய வேலைக்கான டார்க் எண்கள் இன்னொரு தாளிலும் அச்செடுத்துக் கையில் கொடுங்கள், பாதிப் பேர் வாங்கிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் பில்லில் அதே ஆயில் பெயரும் பாகத்தின் நம்பரும் இருக்கின்றனவா என்று சாவியை வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.